தொலைந்த பார்ட்டிஷனும் திருமழபாடிக் கல்வெட்டும்

போன கோடையில் ஒருநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் எங்க தெருவில் கரண்ட் போயிட்டு வந்தது. அஞ்சு நிமிஷத்தில் திரும்பவும் போயிட்டு வந்தது. யுபிஎஸ் பேட்டரியை மாத்தணும்னு ஆறு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது தடவை கணினி எழுந்திருக்கவே இல்லை. எட்டு வருஷம் பழைய ஹார்ட் டிஸ்க், 1 டெராபைட், அதில் சி, டி, இ என்று மூணு பார்ட்டிஷன்.

மறுநாள் டிஸ்க்கைக் கழட்டிப் பையில் போட்டுக்கிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு டவுனுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி அதை அவர் கணினியில் மாட்டினார். "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியது. "பார்ட்டிஷன் எதுவும் இல்ல சார். இனிஷியலைஸ் பண்ணி ஃபார்மட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அவர் கை மவுஸுக்குப் போறதுக்குள்ள "வேணாம் தம்பி, குடுத்துடுங்க" என்று வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கணினி கண்ணுக்குப் பார்ட்டிஷன் இல்லைதான். ஆனால் "பார்ட்டிஷன் இல்லை" என்பதும் "டேட்டா இல்லை" என்பதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையே அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

என்ன இருந்தது அதில்?

2010 வாக்கில் ஆரம்பித்து, விடுமுறை நாட்களில் திருச்சியைச் சுத்தியுள்ள கோவில் கல்வெட்டுகளைப் படம் எடுத்து வருகிறேன். ஸ்ரீரங்கம் மாதிரி பெரிய கோவிலுக்கு நான் தேவையில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கல்வெட்டுகள்தான். நான் போனது சிற்றூர்க் கோவில்களுக்கு. அப்பாவும் கூட வருவார். கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது; பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தால்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெரியும். டார்ச் பிடிப்பது அப்பாவின் வேலை. நான் படம் எடுப்பேன், அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கோவிலில் 2012இல் அப்படி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தோம். அதற்குப் பிறகு திருப்பணி நடந்து, அந்தச் சுவர் முழுக்க பெயிண்ட் ஏறிவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை. ஆக, அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. அவை "இ" பார்ட்டிஷனில் இருந்தன. வேறு எங்கும் இல்லை. (திட்டாதீர்கள், நானே நிறையத் திட்டிக்கொண்டுவிட்டேன்.)

பார்ட்டிஷன் என்பது 16 பைட் குறிப்பு

டிஸ்க்கை நாம் மூணு அறையாகப் பிரித்ததாக நினைக்கிறோம். உள்ளே சுவர் எதுவும் கிடையாது. 512 பைட் கொண்ட செக்டர்கள் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவுதான். 1 டெராபைட் டிஸ்க்கில் மொத்தம் 195 கோடியே 35 லட்சத்துச் சொச்சம் செக்டர்கள்.

எது சி, எது டி என்று சொல்வது முதல் செக்டர். 1983இல் பிசி டாஸ் 2.0 கொண்டு வந்த ஏற்பாடு இது. பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமாக எம்பிஆர். அந்த 512 பைட்டில் முதல் 446 பைட் கணினியைக் கிளப்பும் சின்ன நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை: ஒவ்வொன்றும் 16 பைட் வீதம் நாலு குறிப்பு. கடைசி ரெண்டு பைட் 85, 170 என்ற முத்திரை எண்கள். 16 பைட் குறிப்புக்குள் முக்கியமாக இருப்பவை மூன்று: என்ன வகை, எந்த செக்டரில் ஆரம்பம், மொத்தம் எத்தனை செக்டர்.

அதாவது 931 ஜிகாபைட் "காணாமல் போக" இந்த 64 பைட் கெட்டால் போதும். பத்திரப் பதிவு ஆபீஸில் ரிஜிஸ்டர் எரிந்துபோன மாதிரி. நிலம் அங்கேயேதான் இருக்கிறது. எந்த சர்வே நம்பர் எங்கே ஆரம்பிக்குதுன்னு சொல்லத்தான் ஆள் இல்லை.

அட்டவணையில் நாலு இடம்தான் என்பதால், அதிகம் பார்ட்டிஷன் வேண்டுமானால் ஒன்றை "எக்ஸ்டென்டட்" ஆக்கி அதற்குள் பல லாஜிக்கல் பார்ட்டிஷன்களை வைப்பார்கள். என் டி, இ இரண்டும் அப்படித்தான். இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு லாஜிக்கல் பார்ட்டிஷனின் குறிப்பும் அதற்குச் சற்று முன்னால் உள்ள தனி செக்டரில் இருக்கும். அதே செக்டர்தான் அடுத்த குறிப்பு எங்கே என்றும் சொல்லும். சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் மறைந்துவிடும்.

இப்போது வரும் ஜிபிடி முறையில் அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு, சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. ஜிபிடிக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

முதல் வேலை: ஒன்றும் செய்யாமல் இருப்பது

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பிய கணினியில் மாட்டி, முதலில் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. அதில் பார்க்க வேண்டியவை 5, 197, 198 ஆம் வரிசைகள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் நிற்பவை. 198 என்பது டிஸ்க் தானே சோதித்தும் திருத்த முடியாதவை. என் டிஸ்க்கில் 197க்கு நேராக 212 என்று இருந்தது. பூஜ்யமாக இருக்க வேண்டிய எண்.

இதிலிருந்து ரெண்டு நோய் என்று புரிந்தது. அட்டவணை போனது ஒன்று. டிஸ்க்கே செத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. ரெண்டாவது இருக்கும்போது முதலாவதுக்கு மருந்து கொடுக்கவே கூடாது. பலர் தவறுவது இங்கேதான். சரிபண்ணுகிறேன் என்று செக்டிஸ்க் ஓட்டுவார்கள். அது கெட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதும், கோப்புப் பதிவேடுகளை இஷ்டத்துக்குத் "திருத்தும்". டேட்டா அதுவரை பத்திரமாக இருந்து, காப்பாத்தப் போன கையால் போன கதைகள் நிறைய.

ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று சீரான சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். படிக்கும் தலை, சுழலும் தட்டுக்கு மேலே மனித முடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் பறக்கிறது. அது தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றும் டேட்டாவைச் சுரண்டி எடுக்கும். அப்போது வீட்டு வைத்தியம் கிடையாது. தூசி இல்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைப்பது, மூடியைக் கழட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். என் டிஸ்க்கில் அந்தச் சத்தம் இல்லை. அதனால்தான் நானே இறங்கினேன்.

திருமழபாடி சொல்லும் பாடம்

இங்கே ஒரு கல்வெட்டுச் செய்தி. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி வைத்தியநாதர் கோவில் இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் (985 முதல் 1014 வரை) அதன் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவானது. பழைய சுவரிலோ கல்வெட்டுகள்: யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்று. சுவரைப் பிரித்தால் ஆவணம் போய்விடும். ஆகவே, பிரிப்பதற்கு முன் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார்கள். வேலை முடிந்து, மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இந்த விவரம் எல்லாம் கல்வெட்டாகவே அங்கே இருக்கிறது.

முதலில் படி எடு. பிறகு மூலத்தில் கை வை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம பக்கத்து ஊரில் இதை நடைமுறையாக வைத்திருந்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் மீட்பின் முதல் விதியும் இதேதான்.

படியெடுக்க நான் பயன்படுத்தியது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இலவச மென்பொருள். சாதாரண காப்பி, கெட்ட செக்டரில் முட்டினால் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க் பலவீனமாக இருக்கும்போது அது கொலைக்குச் சமம். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நன்றாகப் படிக்கக் கூடியதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களிலிருந்து சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (இந்தத் தடவை புது பேட்டரி போட்டிருந்தேன்.)

நல்ல டிஸ்க் என்றால் 1 டெராபைட் மூணு மணி நேர வேலை. எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. கடைசியில் படிக்க முடியாமல் நின்றது 1 மெகாபைட்டுக்கும் குறைவு. அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கைக் கழட்டிப் பீரோவில் வைத்துவிட்டேன். மற்ற எல்லாம் படியின் மேல்தான்.

அட்டவணையைத் திரும்ப எழுதுவது

படியில் முதல் செக்டர் காலி. படிக்க முடியாத செக்டர்களில் அதுவும் ஒன்று. இப்போது பார்ட்டிஷன்கள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் வாசலில் தன் பெயரை எழுதி வைத்திருக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் அதன் முதல் செக்டரில், முதல் மூணு பைட் தள்ளி, அந்தப் பெயரே எழுத்தாக இருக்கும். கடைசியில் 85, 170. கூடவே தன் நீளம் எத்தனை செக்டர் என்றும் எழுதியிருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட் வகை என்றால் 1024 பைட் தள்ளி சூப்பர்பிளாக். அதில் 83, 239 என்ற குறி. ஆக, டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை நடந்து இந்த வாசல்களைத் தேடினால் அட்டவணையை மறுபடி எழுதிவிடலாம்.

இதைத்தான் டெஸ்ட்டிஸ்க் செய்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதியது, இதுவும் இலவசம். கறுப்புத் திரை, அம்புக்குறி விசைகள், அவ்வளவுதான் அழகு. அனலைஸ், பிறகு குயிக் சர்ச் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சி, டி இரண்டும் வந்து நின்றன. இ வரவில்லை. அதன் வாசல் செக்டரே கெட்டிருந்தது.

பதற வேண்டியதில்லை. என்டிஎஃப்எஸ் தன் வாசல் செக்டரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். ஃபேட்32 ஆறாவது செக்டரில் வைத்திருக்கும். எக்ஸ்ட், டிஸ்க் நெடுகப் பல இடங்களில் வைத்திருக்கும். டீப்பர் சர்ச் இந்த நகல்களையும் தேடும். அது முடிய ரொம்ப நேரம் ஆனது. முடிந்தபோது திரையில் மூணாவது வரியாக இ இருந்தது.

இந்த இடத்தில் ரைட் என்ற கட்டளையை உடனே அழுத்தாதீர்கள். முதலில் பட்டியலில் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தேர்ந்து, உள்ளே உள்ள கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தால் எல்லை சரி. குப்பையாக வந்தால், அது என்றோ ஃபார்மட் செய்த பழைய பார்ட்டிஷனின் எச்சமாக இருக்கலாம். நான் ரைட் கொடுக்கவே இல்லை. தெரிந்த கோப்புகளை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்தேன்.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. அந்த வடகரைக் கோவிலின் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

பெயர் போன கோப்புகள்

என்டிஎஃப்எஸ்ஸில் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்வது எம்எஃப்டி என்ற பெரிய பதிவேடு. கோப்புக்கு ஒரு பதிவு, பெரும்பாலும் 1024 பைட். அந்த ஃபோல்டருக்கும் அதில் உள்ள படங்களுக்கும் உரிய பதிவுகள் கெட்ட செக்டர்களில் விழுந்துவிட்டன. படம் எங்கோ இருக்கிறது, ஆனால் விலாசம் இல்லை.

கல்வெட்டில் இதே நிலைமை அடிக்கடி வரும். திருப்பணியில் கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்கிவிடுவார்கள். ஒரு கல் அடித்தளத்தில், அதன் தொடர்ச்சி மடைப்பள்ளிச் சுவரில். அப்போது எப்படிப் படிப்பது? "ஸ்வஸ்திஸ்ரீ" என்று வந்தால் அங்கே ஒரு கல்வெட்டு ஆரம்பம். அடுத்து வரும் மெய்க்கீர்த்தியின் முதல் சொற்களைப் பார்த்தாலே எந்த மன்னன் என்று சொல்லிவிடலாம்.

கோப்புகளுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. ஜேபெக் படம் 255, 216, 255 என்ற பைட்களில் தொடங்கும். 255, 217 இல் முடியும். பிடிஎஃப் தன் பெயரைச் சொல்லியே தொடங்கும். இன்றைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். அதன் தொடக்கம் 80, 75. ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் இனிஷியல் அது. டெஸ்ட்டிஸ்க்குடன் சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக், பதிவேட்டைப் பார்க்காமல் இந்தத் தொடக்கங்களை மட்டும் தேடிக் கோப்புகளை அள்ளும்.

விலை என்ன? பெயர் போய்விடும், ஃபோல்டர் போய்விடும். கோப்பு துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் இருந்தால் முழுசாக வராது. வந்தவை 11,000 படங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எண் பெயர். ஆனால் அந்த எண் சும்மா இல்லை. கோப்பு எந்த செக்டரில் ஆரம்பித்தது என்பதைச் சொல்வது. ஒரே நாளில் காப்பி செய்த படங்கள் அநேகமாக அடுத்தடுத்த செக்டர்களில் இருக்கும். கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த தேதியையும் சேர்த்துப் பார்த்து, 2012இன் அந்த ஒரு நாளைத் தனியாகப் பிரித்தேன். 143 படங்களில் 131 முழுசாக வந்தன. 9 படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். 3 வரவே இல்லை. ஒரு கல்வெட்டின் கடைசி மூணு வரி அந்தச் சாம்பலில் போயிருந்தது.

தமிழை பைட்டில் தேடுவது

அப்பா படித்ததை நான் அவ்வப்போது நோட்பேடில் தட்டி வைப்பேன். அந்தக் கோப்புகளை ஃபோட்டோரெக் கொண்டுவரவில்லை. வெறும் எழுத்துக் கோப்புக்கு மெய்க்கீர்த்தி எதுவும் கட்டாயம் இல்லை. மேலும், சில நூறு பைட்டே உள்ள கோப்புகளை என்டிஎஃப்எஸ் தனியாக வைப்பதே இல்லை. எம்எஃப்டி பதிவுக்குள்ளேயே செருகிவிடும்.

ஆனால் தமிழுக்கு டிஸ்க்கில் ஒரு தனி முகம் உண்டு. யூனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூணு பைட். முதல் பைட் 224, ரெண்டாவது 174 அல்லது 175. பழைய நோட்பேடில் "யூனிகோட்" என்று சேமித்திருந்தால் எழுத்துக் குறிக்கு ரெண்டு பைட். ரெண்டாவது எப்போதும் 11. அதாவது ஒன்று விட்டு ஒன்று 11, 11, 11 என்று வந்தால் அது அநேகமாகத் தமிழ். 2000களில் டிஸ்கியில் தட்டியதென்றால் கதை வேறு: எல்லாம் 128க்கு மேல், ஒரு பைட் எழுத்துகள். கண்டுபிடித்தபின் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் போட்டால் படிக்கலாம்.

பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, படி முழுக்க 11களைத் தேடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நூத்துக்கணக்கில் துண்டுகள். மளிகைக் கணக்கு, பால் கணக்கு, யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதம். நடுவில் ஊர் பேர் தெரியாத ஒரு பதிவு. தாய் ஃபோல்டர் கெட்டதால் அநாதையாக நின்றது. படங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத் தட்டிய குறிப்பு என்பதால் அதன் பதிவு வேறு இடத்தில் விழுந்து தப்பித்திருக்கிறது.

சாம்பலாகிப்போன மூணு வரியில் ரெண்டு வரி அதில் இருந்தது. ஒரு நந்தாவிளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில், அப்பா சந்தேகப்பட்ட இடம் என்று நான் போட்ட கேள்விக்குறியும் அப்படியே இருந்தது. மூணாவது வரி இல்லை. அது இனி வராது.

கடைசியாக

இந்த வித்தை எல்லாம் சுழலும் தட்டு உள்ள டிஸ்க்குக்குத்தான் நன்றாகப் பலிக்கும். எஸ்எஸ்டியில் கோப்பை அழித்தால் ட்ரிம் என்ற கட்டளை போய், உள்ளே இருப்பதையும் சீக்கிரமே துடைத்துவிடும். அங்கே "அழிந்தாலும் எச்சம் இருக்கும்" என்ற நம்பிக்கை வேண்டாம்.

வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் பெட்டிக்கெல்லாம் சரி சொல்லாதீர்கள். ஸ்மார்ட் பாருங்கள். படி எடுங்கள். படியில் மட்டும் வேலை செய்யுங்கள். அட்டவணை, அதன் நகல், பிறகு மெய்க்கீர்த்தித் தேடல், கடைசியாக எழுத்துத் தேடல்.

இதைவிட நல்லது, இந்த வேலைக்கே இடம் வைக்காமல் இருப்பது. இப்போது படங்கள் எல்லாம் மூணு இடத்தில் இருக்கின்றன: வீட்டில் ஒன்று, தில்லை நகரில் அக்கா வீட்டுப் பீரோவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. தை மாசமும் ஆடி மாசமும் அக்கா வீட்டுக்குப் போகும்போது டிஸ்க்கை மாத்திக்கொண்டு வருவேன். "என்னடா, டிஸ்க்குக்கும் சீர் செய்யறியா?" என்று அக்கா கேட்டாள். திருமழபாடிக் கதையை ஒரு தடவை முழுசாகச் சொன்னேன். அதற்கப்புறம் கேட்பதில்லை.